பூணுக்கு மேலே கொஞ்சம் கோணல்

மரம் கடைகிற லேத் வந்து இறங்கிய அன்று தெருநாய்கள்கூட எழுந்து நின்று வழிவிட்டன. அவ்வளவு கனம். அதைக் கொண்டுவந்த லோடு வண்டி வாசலில் நின்று மூச்சு வாங்கியது. தெருவிலிருந்த ஆம்பிளைகளில் பாதிப் பேர் இறக்கினார்கள், மீதிப் பாதிப் பேர் யோசனை சொன்னார்கள். யோசனை சொன்னவர்களுக்குத்தான் மறுநாள் இடுப்பு வலி.

வண்டி மச்சினனுடையது. வாங்கியவர் அவனுடைய அக்கா புருஷன். தெருவில் அவரை லிஃப்ட்காரர் என்பார்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு பெரிய கட்டடத்தின் லிஃப்டை ஓட்டியவர். அந்தக் கட்டடத்துக்கு எத்தனை மாடி என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டிச் சொல்வார். அவர் ஓய்வு பெற்ற பிறகும் கட்டடம் வளர்ந்துகொண்டே போனது.

"சதுரங்கக் காய் செய்யிற பட்டறையில கிடந்தது மாமா," என்றான் மச்சினன், கயிற்றை அவிழ்த்தபடி. அவனுக்கு மெதுவாகப் பேச வராது. லாரி ஹாரனோடு போட்டி போட்டே வளர்ந்த குரல். "அவங்க பெரிய மெஷின் வாங்கிட்டாங்க. இது எத்தனை ராஜா ராணியைப் பெத்துப் போட்டிருக்கும், யோசிச்சுப் பாருங்க!"

"இனிமே என்ன பெத்துப் போடும்?" என்று கேட்டாள் லிஃப்ட்காரரின் மனைவி, சமையலறை வாசலில் நின்று.

"பிடி," என்றார் லிஃப்ட்காரர். "உனக்கு மண்கரண்டிக்குப் பிடி. களைக்கொத்துக்குப் பிடி. கத்திக்குப் பிடி."

"வாழ்நாள் முழுக்க மேலயும் கீழயும் போன மனுஷன். இப்ப சுத்த ஆரம்பிச்சிட்டார். கேட்டா என் பேரைச் சொல்றார்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனால் போகும்போது வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு போனதை அவர் பார்த்தார். அதைப் பார்க்கக்கூடாது என்றுதான் அவள் அவ்வளவு வேகமாகப் போனாள்.

அவள் ஊர்ப் பூங்காவில் தோட்டக்காரி. பூங்கா என்றால் சும்மா நாலு பெஞ்சும் ஒரு சறுக்கு மரமும் அல்ல. அதைச் சுற்றி நடக்க ஆரம்பித்தவர்கள் முடிப்பதற்குள் அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிவிடும் என்று லிஃப்ட்காரர் சொல்வார். வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் வட்டப் பாத்தி அவளுடையது. வெயில் காலம் ஆரம்பிக்கும்போது ஈரக் கல்தரையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள், எலும்பு கூடிவிட்டது என்றார்கள். எலும்பு கூடியது, விரல்கள் கூடவில்லை. கட்டைவிரலும் மற்ற நாலும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி எட்ட எட்டவே நின்றன. டம்ளரைப் பிடிக்கலாம். கடையில் விற்கிற மெல்லிசான கரண்டிப் பிடியை மூடிப் பிடித்து மண்ணில் குத்த முடியவில்லை. துணி சுற்றிப் பார்த்தாள். துணி ஈரமாகி நழுவியது.

பூங்கா மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. அதனால்தான் சங்கடம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் படுத்துத் தூங்கலாம். அவர் நல்ல மனசோடு அவளை டிக்கெட் ஜன்னலில் உட்காரவைத்தார். "முதல் மழை விழுந்ததும் வட்டப் பாத்தியில நாத்து நடணும்மா. அன்னைக்கு மத்தவங்களோட சேர்ந்து நட்டீங்கன்னா பாத்தி உங்களுது. முடியலைன்னா வருத்தப்படாதீங்க, ஜன்னல் இருக்கு. நிழல், காத்தாடி, நாற்காலி, எல்லாம் இருக்கு," என்றார்.

"மீன் தொட்டியில கூடத்தான் எல்லாம் இருக்கு," என்று வீட்டில் வந்து சொன்னாள்.

இதைக் கேட்ட வாரம்தான் லிஃப்ட்காரர் மச்சினனைக் கூப்பிட்டு, மரம் கடைகிற மெஷின் எங்கேயாவது பழசு கிடைக்குமா என்று காதோடு கேட்டார். மச்சினன் காதோடு பதில் சொன்னான். தெரு முழுக்கக் கேட்டது.

*

வீட்டின் பக்கவாட்டில் கார் நிறுத்தும் கொட்டகை ஒன்று இருந்தது, கார்தான் இல்லை. அங்கேதான் லேத்தை வைத்தார்கள். வைத்தார்கள் என்றால், வைத்த இடத்தில் அது இருக்கவில்லை. முதல் நாள் மாலை சுவிட்சைப் போட்டதும் அந்த இரும்பு ஜன்மம் உடம்பைக் குலுக்கிக்கொண்டு கொட்டகை வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தது. மச்சினன் அதன் மேல் ஏறி உட்கார்ந்தான். அவனையும் சுமந்துகொண்டு நடந்தது.

"மாமா! ஆஃப் பண்ணுங்க! தெருவுக்குப் போகுது!"

"ஹாரன் அடிச்சுக்கிட்டே போ மாப்ள, யாராவது மேல வந்து மோதிடப் போறாங்க!"

தரை கோணல். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி லேத்தின் முதுகில் வைத்தார் லிஃப்ட்காரர். தண்ணீர் ஒரு ஓரமாகப் போய் ஒண்டிக்கொண்டது. தகரத்தை வெட்டி மடித்துக் காலுக்கடியில் செருகினார். தண்ணீர் எதிர் ஓரத்துக்குப் போனது. தகரத்தைத் தட்டிச் சப்பையாக்கினார். இப்படியே செருகி, எடுத்து, தட்டி, கண்ணை ஒரு பக்கமாக மூடிப் பார்த்து, ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர் தட்டு முழுக்கச் சமமாகப் பரவி, கொட்டகைக் கூரையின் ஓட்டையையும் அதன் வழியே வந்த ஒரு துண்டு வானத்தையும் காட்டியது. அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் ஒன்று தட்டுக்குள் வந்து, நின்று, போனது.

"தட்டைக் குடுங்க, சாப்பாடு போடணும்," என்றாள் மனைவி.

"கொஞ்சம் இரு. வானம் இருக்கு."

"வானத்தைக் கொட்டிட்டுக் குடுங்க."

அப்புறம் கூர்களைப் பார்க்க வேண்டும். லேத்துக்கு இரண்டு தலை. மோட்டார் பக்கத்துத் தலையில் பற்கள் வைத்த ஒரு கூர், அது மரத்தைக் கடித்துச் சுற்றும். எதிர்த் தலையில் மொட்டையாக ஒரு கூர், அது மரத்தின் மறு முனையைத் தாங்கிக்கொள்ளும். எதிர்த் தலையை நகர்த்திக்கொண்டே வந்தால் இரண்டு கூரும் மூக்கோடு மூக்கு ஒட்ட வேண்டும். இந்த லேத்தில் ஒன்றின் மூக்கு இன்னொன்றின் காதைத் தொட்டது. தலையைக் கழற்றி, அடியில் பழைய பசையையும் மரத்தூளையும் சுரண்டி, எண்ணெய் விட்டு, மறுபடி மாட்டினார். சுரண்டிய அழுக்கில் ஒரு சதுரங்கக் குதிரைக்கான மரம் இருந்தது என்று மச்சினன் சொன்னான். மூக்கு இப்போது மூக்கைத் தொட்டது. ஆடாமல் இருக்கப் பூங்காவில் உரம் வந்த பழைய சாக்குகளில் மணல் நிரப்பி, அடித்தட்டில் அடுக்கினார்கள்.

முதலில் கடைந்தது எதிர்வீட்டார் தூக்கிப் போட்ட நாற்காலியின் கால். காய்ந்த, முறுக்கில்லாத மரம். பெல்ட்டைப் பெரிய சக்கரத்துக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்து, உளியைத் தாங்கியின் மேல் வைத்து மெல்ல நீட்டினார். சதுரமாக இருந்த கால் சுழன்றபோது அதன் மூலைகள் மறைந்து, அங்கே புகை மாதிரி ஒன்று நின்றது. உளி அந்தப் புகையைத் தொட்டது. டக், டக், டக் என்று முனகியது, பிறகு சத்தம் இழைந்தது. சுருள் சுருளாக மரம் வந்து அவர் கையில் விழுந்தது, மாரில் விழுந்தது, மூக்குக் கண்ணாடியில் தொங்கியது. பழைய வார்னிஷ் போய் உள்ளேயிருந்து வெண்ணெய் நிறத்தில் ஒரு மரம் எட்டிப் பார்த்தது.

லிஃப்ட்காரர் சொக்கிப் போனார். அவர் கால் தரையில் இருந்தது, ஆனால் மேலே போய்க்கொண்டிருந்தார். லிஃப்ட் மேலே போகிறது, கதவு திறக்கிறது, அங்கே ஆபீஸ் இல்லை, வட்டப் பாத்தி. மூடுகிறது. அடுத்த மாடி, அங்கேயும் ஒரு பாத்தி, மஞ்சள் பூ. அதற்கும் மேலே இன்னொன்று, சிவப்பு. ஒவ்வொரு பாத்தியிலும் அவர் மனைவி குந்தி உட்கார்ந்து, வலது கையால் குத்திக்கொண்டிருக்கிறாள், இவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். எத்தனை மாடி! கட்டடம் முடியவே இல்லை.

"டீ ஆறுது," என்று மனைவி கத்தினாள். "ஏங்க! டீ ஆறிப் போச்சு! ஏங்க, டீயில மரம் விழுந்திருச்சு!"

அந்த டீயைக் குடித்தார். மரத்தூள் டீக்கு ஒரு மணம் தருகிறது என்று அன்று முதல் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

*

கொட்டகைக்கு அந்தப் பக்கச் சுவர் பல் டாக்டருடையது. ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் லேத் ஓட, அந்தப் பக்கம் நோயாளிகள் காத்திருக்கும் அறை. லேத் ஓட ஆரம்பித்த வாரத்தில், பல் வலியோடு வந்த ஒரு பெரிய மனிதர் சத்தத்தைக் கேட்டதும் வலி தீர்ந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டார். ஓர் அம்மா தன் பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒருவர் செருப்பை விட்டுவிட்டே போனார்.

டாக்டர் அந்தச் செருப்போடு கொட்டகைக்கு வந்தார். மெலிந்த மனிதர், பேசும்போதெல்லாம் எதிராளியின் வாயையே பார்ப்பவர்.

"சார், நான் ட்ரில்லை எடுக்கிறதுக்கு முன்னாடியே எல்லாரும் ஓடிடறாங்க. நீங்க இங்க என்னதான் பண்றீங்க?"

"பிடி கடையறேன் டாக்டர்."

"சத்தம் அப்படியே தாடையில இறங்குது. எனக்கே ஒரு பல்லு கூசுது."

லிஃப்ட்காரர் லேத்தை நிறுத்தி, அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, மெஷினை ஒவ்வொரு உறுப்பாகக் காட்ட ஆரம்பித்தார். திட்ட வந்தவர்களுக்கு அவர் தரும் தண்டனை அது. டாக்டர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் மெஷினைப் பார்த்தார். மரத்தைக் கடிக்கும் அந்தக் கூரிடம் வந்ததும் குனிந்து, சட்டைப் பையிலிருந்து குட்டி விளக்கை எடுத்து அடித்தார்.

"இதுக்கு ஒரு பல்லு இல்லையே."

"பழசு வாங்கினது டாக்டர்."

"மத்த பல்லும் தேய்ஞ்சிருக்கு. கடி சரியா விழாதே. வழுக்குமே?"

"வழுக்கத்தான் செய்யுது."

"அரம் இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

அன்று சாயங்காலம் பல் ஆஸ்பத்திரி கொஞ்சம் தாமதமாகத் திறந்தது. லேத்தின் மீதப் பற்கள் அப்படிக் கூர்மையாயின, டாக்டர் தன் வாழ்நாளில் எந்த மனுஷப் பல்லுக்கும் அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை. போகும்போது ஓர் ஒப்பந்தம் ஆனது: நோயாளிகள் இருக்கும் நேரம் லேத் தூங்கும், மதிய இடைவேளையில் ஓடும். செருப்பை மட்டும் கொட்டகையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

*

முதல் பிடி முடிந்தது. அதை அவர் எப்படிச் செய்தார் என்று அவர் சொன்னால் ஒரு வாரம் ஆகும். சுருக்கமாக: முன்முனையில் பித்தளைப் பூண் போட்டார். கரண்டியின் இரும்பு வாலை உள்ளே அடித்து இறக்கும்போது மரம் பிளக்காமல் இருக்க வாயில் மாட்டும் வளையம்தான் பூண். மச்சினன் ஏதோ குழாயை அறுத்துக் கொடுத்தான். பிடி நல்ல பருமன், விரல்கள் முழுக்க மூட வேண்டியதில்லை. நடுவில் லேசாகப் புடைத்து, கடைசியில் கண்ணாடிக் குண்டு மாதிரி முடிந்தது.

அப்புறம்தான் தப்புச் செய்தார். அந்தத் தப்பை உலகத்தில் ஒரு லிஃப்ட்காரர்தான் செய்ய முடியும். அவர் ஓட்டிய லிஃப்டில் ஒரு பித்தளைக் கைப்பிடி இருந்தது. தினமும் காலையில் அதைத் தேய்த்துத் தேய்த்து, ஏறுகிற பெண்கள் அதில் பொட்டுச் சரி செய்யும் அளவுக்கு வைத்திருந்தார். அவருடைய அகராதியில் கைப்பிடி என்றால் மின்ன வேண்டும். ஆகவே மண்கரண்டிப் பிடியை உப்புத்தாளால் தேய்த்தார், அதைவிட மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தார், லேத்தில் சுழலவிட்டு மெழுகை வைத்து அழுத்தினார், கம்பளித் துணியால் துடைத்தார். பிடி பளபளத்தது. கொட்டகைக்குள் விளக்கே தேவையில்லை என்று அவர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் ஒரு ஈ அதன் மேல் உட்காரப் போய்ச் சறுக்கியது உண்மை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கொல்லையில் ஒரு உடைந்த தொட்டியில் மண் நிரப்பி, தண்ணீர் தெளித்து வைத்தார்கள். மச்சினன் ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுகொண்டே சாட்சியாக நின்றான். அவள் குந்தி உட்கார்ந்து கரண்டியை வாங்கினாள். கையில் எடுத்ததும் முகம் மலர்ந்தது.

"கனமா இல்ல. பிடிக்கவும் முடியுது."

"பார்த்தியா? சொன்னேன்ல?" லிஃப்ட்காரர் மச்சினனைப் பார்த்தார்.

அவள் குத்தினாள். இறங்கியது. மண்ணைப் புரட்ட மணிக்கட்டைத் திருப்பினாள். மணிக்கட்டு திரும்பியது, பிடி கைக்குள் அதுபாட்டுக்குச் சுழன்றது, கரண்டி திரும்பவில்லை. மறுபடி இறுக்கிப் பிடித்துத் திருப்பினாள். ஈரக் கை, உருண்டைப் பிடி, மெழுகு. கரண்டி விடுதலை பெற்று எழும்பி, ஒரு கவளம் சேற்றைச் சுமந்துபோய், சிரிக்க வாயைத் திறந்திருந்த மச்சினனின் வாயில் இறக்கிவிட்டது.

வேறு நாளாக இருந்தால் ஒரு மாதம் சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. எழுந்து கையைக் கழுவினாள்.

"விடுங்க. ஜன்னலுக்கே போயிடறேன்."

"இன்னொண்ணு செய்யறேன். மெழுகு போடாம..."

"வேணாம்."

லிஃப்ட்காரர் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "அப்படி ஒண்ணும் மோசமில்லம்மா. நானும் ஒரு பெட்டிக்குள்ளதானே இருந்தேன். உக்கார்ந்த இடத்துல ஊரே வந்து போகும். நாலு முகம் பார்க்கலாம். பழகிட்டா..."

"அதான் பயமே!" என்று திரும்பினாள். "பழகிடுமேன்னுதான் பயம். உங்களை மாதிரி ஒரு பெட்டிக்குள்ள என் காலத்தைத் தள்ள என்னால முடியாது!"

மச்சினன் சேற்றைத் துப்புவதை நிறுத்தினான்.

"அக்கா..." என்றான், அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மெதுவாக.

லிஃப்ட்காரர் கரண்டியைப் பொறுக்கி எடுத்தார். கொட்டகைக்குப் போனார். சுருள்களைப் பெருக்கினார். பெருக்கியதையே மறுபடி பெருக்கினார். கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"சொல்லியிருக்கக் கூடாது."

"சொன்னது சரிதான்," என்றார் அவர், துடைப்பத்தைப் பார்த்தபடி. "லிஃப்ட்ல ஏறறவங்க ஒவ்வொரு மாடியிலயும் இறங்கிப் போவாங்க. கதவு மூடும்போது அவங்க முதுகு தெரியும். எங்க போறாங்க, அங்க என்ன இருக்கு, ஒரு தடவைகூட இறங்கிப் பார்த்ததில்ல. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நீ, இன்னைக்கு இது பூத்துச்சு, அது காய்ஞ்சுதுன்னு சொல்லுவே. எனக்கு அதுதான் மாடி."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப பெட்டி நல்லாருக்கும்னு எதுக்குச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"தெரியலைன்னா சும்மா இருக்கணும்." கீழே கிடந்த ஒரு சுருளை எடுத்து விரலில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொண்டாள். "மெழுகு போடாம ஒண்ணு செய்யுங்க பார்ப்போம்."

*

மெழுகு போடாமல் செய்தார். நழுவவில்லை, ஆனால் அப்போதும் சுழன்றது. மேல் பகுதியைச் சொரசொரப்பாக விட்டுப் பார்த்தார், கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. மதிய இடைவேளையில் எட்டிப் பார்த்த டாக்டர், வரிசையாகக் கிடந்த பிடிகளைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், போய் ஒரு ரப்பர் கிண்ணத்தோடு வந்தார். கிண்ணத்தில் இளஞ்சிவப்பாக ஒரு குழைவு.

"பல் செட்டுக்கு அச்சு எடுக்கிறது. சீக்கிரம் இறுகிடும். பழைய கரண்டிப் பிடி மேல அப்புறேன். நீங்க மண்ணுல குத்தற மாதிரி பிடிங்கம்மா. இறுக்க வேணாம், கை எப்படிப் போகுதோ அப்படி."

"கடிக்கச் சொல்லாம விட்டீங்களே," என்றாள்.

பிடித்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள், ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. இறுகியதும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். உள்ளே அவள் கை இருந்தது. உள்ளங்கைப் பக்கம் அகலமாக, விரல் மூடாத பக்கம் தட்டையாக, கட்டைவிரல் சாய்ந்த இடத்தில் ஒரு பள்ளம். லிஃப்ட்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை வருஷமாகப் பார்க்கிற கை! வெளியிலிருந்துதான் பார்த்திருந்தார்.

"இதுல எங்க டாக்டர் வட்டம் இருக்கு?"

"வட்டமே இல்ல. முட்டையை மிதிச்ச மாதிரி இருக்கு."

"என் மெஷினுக்கு வட்டத்தைத் தவிர ஒண்ணும் தெரியாதே!"

இந்தக் கவலையோடு அவர் நாள்களைக் கழித்தார். வானத்தில் மேகம் கூடிக்கூடிப் பிரிந்தது. ஒவ்வொரு மேகத்தையும், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று கெஞ்சி அனுப்பினார். ஒரு மதியம் மரத்தூள் படிந்த மூக்குக் கண்ணாடியோடு இன்னொரு நாற்காலிக் காலை எடுத்து மாட்டினார். அந்தக் காலின் அடியில் ரப்பர் குமிழ் அடித்த பழைய ஆணி ஓட்டை ஒன்று இருந்தது, நடுவை விட்டு விலகி. நடுவென்று நினைத்து எதிர்க் கூரை அந்த ஓட்டையில் இறக்கிவிட்டார்.

சுவிட்சைப் போட்டதும் மரக்கால் தள்ளாடியது. நிறுத்த வேண்டும் என்று கை போனது, பாதியில் நின்றது. கண்ணுக்கு முன்னால் இரண்டு மரம் இருந்தது. நடுவில் கெட்டியாக ஒன்று, அதைச் சுற்றி நிழலாக, பனி மாதிரி, தொட்டால் கை உள்ளே போய்விடும்போல இன்னொன்று. பூண் மாட்டும் முனையில் நிழலே இல்லை. கைப்பக்கம் வரவர நிழல் விரிந்தது. ஒரு மொட்டு அவிழ்வதை யாரோ படுக்கவைத்துக் காட்டுவதுபோல. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மதிய வெயில் கூரை ஓட்டை வழியே விழுந்து அந்த நிழலுக்குள் தூசியாகச் சுழன்றது. லிஃப்ட் எங்கோ மெல்ல ஏறியது.

பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுகொண்டு, உளியால் நிழலின் விளிம்பை மட்டும் தொட்டார். வெட்டியது, விட்டது, வெட்டியது, விட்டது. நிறுத்திப் பார்த்தார். மரத்தின் ஒரு பக்கம் மட்டும் சீவப்பட்டுத் தட்டையாக இருந்தது. மறுபக்கத்தை உளி தொடவே இல்லை.

"டாக்டர்!" என்று சுவரைத் தட்டிக் கத்தினார். அந்தப் பக்கம் இடைவேளை முடியும் முன்பே வந்து உட்கார்ந்திருந்த யாரோ "அம்மா!" என்று அலறினார்கள்.

நடுவுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி. பூண் முனை நடுவிலேயே இருக்க, கைப்பக்கத்தை மட்டும் முதலில் ஒரு புள்ளியில் குத்திக் கடைந்தார், பிறகு கழற்றி அடுத்த புள்ளியில் குத்திக் கடைந்தார். இரண்டு பக்கமும் சீவப்பட்டு, பிடி பூணில் உருண்டையாக ஆரம்பித்து வரவர முட்டையாக முடிந்தது. மிச்சத்தை இளஞ்சிவப்பு அச்சைப் பார்த்துப் பார்த்துக் கத்தியால் செதுக்கினார். ஆட்டமே கூடாது என்று அவ்வளவு பாடுபட்டு நிமிர்த்திய மெஷினை, வேண்டுமென்றே ஆடவைத்தார். தட்டில் தண்ணீர் வைத்துப் பார்த்த காலத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் அந்தத் தண்ணீரை அவர்கள் தலையில் கொட்டியிருப்பார்.

அவள் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தாள். "கோணலா இருக்கே."

"பிடிச்சுப் பாரு."

பிடித்தாள். மணிக்கட்டைத் திருப்பினாள். கரண்டி கூடவே திரும்பியது. இன்னொரு தடவை திருப்பினாள். அதைக் கொண்டுபோய்த் தன் பையில் வைத்தாள். அதே ராத்திரி முதல் மழை பெய்தது.

*

காலையில் அவள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனாள். போகும்போது "வரேன்" என்றுகூடச் சொல்லவில்லை.

லிஃப்ட்காரர் அன்று லேத்தைத் தொடவில்லை. டீ போட்டார், குடிக்க மறந்தார், மறுபடி போட்டார். மச்சினன் ஏதோ நெடுஞ்சாலையிலிருந்து போனில் "என்னாச்சு?" என்று கேட்டான். போன் இல்லாமலேயே கேட்டிருக்கும். டாக்டர் முகமூடியோடு வாசலுக்கு வந்து வந்து, "வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு ஓடினார். உள்ளே யாரோ வாயைத் திறந்தபடியே காத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். கடிகாரத்தின் முள்ளைக்கூட அன்று யாரோ தூக்கிச் சுமந்துதான் நகர்த்தினார்கள்.

வெளிச்சம் மங்கும்போது அவள் வந்தாள். மெதுவாக நடந்து வந்தாள். பை தோளில் தட்டையாகத் தொங்கியது. கையில் கரண்டி இல்லை.

லிஃப்ட்காரருக்கு எங்கோ கம்பி அறுந்து, எல்லா மாடியும் ஒன்றாகக் கீழே போனது.

அவள் படியில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினாள்.

"கரண்டி எங்கம்மா?"

"பாத்தியில."

"பாத்தியிலன்னா? விட்டெறிஞ்சிட்டியா?"

"இழுங்க இதை." இன்னொரு காலை நீட்டினாள். அவர் குனிந்து பூட்ஸை இழுத்தார். அது சேற்றோடு சேர்ந்து வர மாட்டேன் என்றது. "சூப்பர்வைசர் வந்து பார்த்தார். என்னம்மா இது, கோணக் கரண்டியா இருக்குன்னு என் கையிலேர்ந்து வாங்கி அவரே ஒரு குத்து குத்தினார். அவர் கையில நிக்கல. இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். சட்டையெல்லாம் மண்ணு."

"அப்புறம்?"

"இது உங்க கையில மட்டும்தான் நிக்குமான்னு கேட்டார். ஆமா சார்னேன்."

"அப்புறம்மா?"

"அப்ப நாளைக்கும் நீங்கதான் வரணும், பாதிதானே நட்டிருக்குன்னார்." பூட்ஸ் ஒரே இழுப்பில் வந்துவிட, லிஃப்ட்காரர் அதோடு பின்னால் போய் உட்கார்ந்தார். "அதான், அங்கயே குத்தி வச்சிட்டு வந்துட்டேன். காலையில போய் எடுத்துக்கலாம்."

அவர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். பூட்ஸைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெரிய பூங்காவில், ஆள் போன பிறகு, பாதி நட்ட பாத்தியின் நடுவில் தன்னந்தனியாக நிமிர்ந்து நிற்கும் ஒரு பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் விரல் அளவு நாற்றுகள். மெழுகு போடாத மரம், மேலே மேகம்.

கூரையில் முதல் சொட்டு விழுந்தது. அடுத்தது. பிறகு எல்லாம் சேர்ந்து.

அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அவர் சத்தம் போடாமல் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, பூனைபோல, கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"குடையைக் கீழ வைங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலேயே.